பொன்முடியும் கரப்புடுப்பும்

மட்டக்களப்பு வாவிக்கரைப் பாடசாலைகளில் இடைவேளைதோறும் ஒரு விவாதம் சூடுபிடிக்கின்றது. 'டிராகன் பால்' என்னும் யப்பானியச் சித்திரத் தொடரின் நாயகன் கோகுவின் கரிய முடி பொன்னிறமாவது ஏன் என்பதே பொருள். தோழனைப் பறிகொடுத்த சினம் முடியில் எரிகின்றது என்பான் ஒருவன். மேனாட்டுத் தோற்றத்தின் மீதுள்ள மோகம் என்பாள் மற்றொருத்தி.

இதனைச் சிறுபிள்ளைத்தனம் என ஒதுக்கும் ஆசிரியர் நம்மிடையே உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. வட்டக்களரியைச் சுற்றியிருந்து விடியவிடியக் கூத்துப் பார்த்த நம் பாட்டன்மாரும் அரசனின் முடியையும் உடுப்பையும் இவ்வாறே எடைபோட்டனர். விமர்சனம் பல்கலைக்கழகத்தில் பிறந்ததன்று.

ஆயினும் ஒரு குறை உண்டு. உருவத்துக்குப் பொருள் தேடும் மாணவர், அதனை ஆக்கிய கைகளைத் தேடவில்லை. 1984 முதல் 1995 வரை அகிரா தோரியாமா இத்தொடரை வார இதழொன்றுக்கு வரைந்தார். அச்சோ கறுப்பு வெள்ளை. கோகுவின் முடிக்கு மை நிரப்புவதில் உதவியாளரின் நேரம் பெரிதும் கழிந்தது. முடியை வெறுமையாக விட்டால் அவ்வுழைப்பு மிச்சப்படும் என்பதும் மாற்றத்துக்கு ஒரு காரணம் எனத் தோரியாமாவே கூறியுள்ளார். தாளில் மை படாத வெண்மையே திரையில் பொன்னாயிற்று.

அப்படியானால் சினம் என்ற விளக்கம் பொய்யா? அன்று. தேவை திறந்த வழியில் கற்பனை நடந்தது. நம் கூத்திலும் உருவம் உழைக்கும் உடலோடு பிணைந்ததே. வடமோடி பெரும்பாலும் போர்க்கதை. அதன் அரசன் கரப்புடுப்பும் கனத்த முடியும் தாங்குவான். தென்மோடி ஆட்டம் நுணுக்கமானது. அதற்கு இலேசான உடையே பொருந்தும். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் கூத்தை நவீன மேடைக்கேற்பச் சுருக்கியபோது, உருவம் காலத்தின் தேவைக்கு மாறும் என்பது மீண்டும் மெய்யாயிற்று.

உருவத்தை மட்டும் வியப்பது பாதி விமர்சனம். யப்பானில் சித்திரத் தொழிலாளர் பலர் குறைந்த ஊதியத்துக்கு நெடுநேரம் உழைப்பதை அறியாமல், அவர்தம் கோடுகளின் அழகை முழுமையாக அறிந்தோம் எனலாமா?

ஆகவே, ஆசிரிய நண்பர்களே, அம்மாணவரை அதட்ட வேண்டாம். அருகில் அமர்ந்து கேட்போம்: இதை வரைந்தவர் யார்? எத்தனை நாள் வரைந்தார்? என்ன கூலி பெற்றார்? அதே வினாவோடு அவர்கள் தம் ஊர் அண்ணாவியாரிடமும் செல்லட்டும். கூத்தரசனின் முடியைச் செய்த கைகள் அவ்வூரிலேயே இருக்கக்கூடும்.