ஆட்ட நாயகன் இரண்டாமவர்

குரங்குகளுக்கு எயிட்ஸ் போன்ற நோயைக் கொடுக்கும் மேசன்-பைசர் வைரசில் ஒரு நொதியம் இருக்கிறது. அதன் வடிவத்தைக் கண்டுபிடிக்க விஞ்ஞானிகள் பத்தாண்டுக்கு மேல் மினக்கெட்டும் முடியவில்லை. கடைசியில் அதை ஃபோல்டிட் என்ற இணைய விளையாட்டில் புதிராகப் போட்டார்கள். மூன்று வாரம் களம் திறந்திருந்தது. வென்றது கன்டென்டர்ஸ் என்ற குழு. 2011 செப்டெம்பரில் வந்த ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் பேராசிரியர்களோடு இந்தக் குழுவின் பெயரும் இருந்தது. பதினைந்து வருடம் ஆகப்போகிறது. ஆனாலும் இணைய விளையாட்டில் இதைவிடப் பெரிய வெற்றி எது என்று கேட்டால் என்னிடம் வேறு பதில் இல்லை.

ஆட்டம் விளங்க, முதலில் புதிர் விளங்க வேண்டும். யாழ்ப்பாணத்து இணுவிலில் உயர்தரத்துக்கு உயிரியல் படிக்கிற பிள்ளைகள் கோடோன் அட்டவணையைப் பாடமாக்கியிருப்பார்கள். மரபணு மொழியில் நான்கு எழுத்து, மூன்றெழுத்துச் சொற்கள் 64. அவற்றில் 61 சொற்கள் 20 அமினோவமிலங்களைக் குறிக்கும், மூன்று முற்றுப்புள்ளி. 1961இல் நிரன்பேர்க்கும் மத்தேயியும் UUU என்ற முதற்சொல்லை உடைத்தார்கள். பஞ்சாபில் பிறந்த ஹர் கோவிந்த் கொரானா எழுத்துகளை மாறி மாறி அடுக்கிச் சங்கிலி செய்து மற்றச் சொற்கள் பலவற்றுக்கு விடை கண்டார். 1968இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் அவரும் ஒருவர். ஆனால் அந்த அட்டவணை பாதிப் புதிரைத்தான் தீர்த்தது. அமினோவமிலங்கள் எந்த ஒழுங்கில் கோக்கப்படும் என்று அது சொல்லும், கோத்த மாலையான புரதம் எப்படிச் சுருண்டு மடியும் என்று சொல்லாது. நொதியமும் ஒரு புரதம்தான். மடிப்புத் தெரியாமல் அது எப்படி வேலை செய்கிறது என்று முழுதாக விளங்காது, அதை முடக்க மருந்து செய்வதும் கடினம்.

சியாட்டிலில் உள்ள வொஷிங்டன் பல்கலைக்கழகம் 2008 மே மாதம் ஃபோல்டிட்டை வெளியிட்டது இந்த மிச்சப் பாதிக்காகத்தான். திரையில் ஒரு புரதம் தொங்கும். இழுக்கலாம், முறுக்கலாம், அசைத்து உதறலாம். சக்தி குறையக் குறையப் புள்ளி ஏறும். ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் உயிரியல் படித்தவர்கள் அல்லர். இந்தக் களத்தில் நம்மவரின் கைவண்ணமும் உண்டு. 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் வரைந்த வரைபடம், புரதத்தின் முதுகெலும்பு எந்தக் கோணங்களில் வளையலாம், எவற்றில் வளையவே முடியாது என்று காட்டுகிறது. ஃபோல்டிட்டில் அது ராமா வரைபடம் என்ற பெயரில் ஒரு கருவியாகவே இருக்கிறது. ஒரு புள்ளியைத் தொட்டு நகர்த்தினால் புரதம் அதற்கேற்ப வளையும்.

புள்ளிப் பட்டியல் இரண்டு. ஒன்று தனியாட்டம்: ஆரம்பத்திலிருந்து நீங்களே மடிக்க வேண்டும். மற்றது வளர்த்தெடுப்பு: உங்கள் குழுவில் ஒருவர் மடித்து வைத்ததை எடுத்து, அதற்கு மேல் புள்ளி ஏற்ற வேண்டும். இரண்டாவதை இணுவில்காரருக்கு நீட்டி விளக்கத் தேவையில்லை. தவில் மேதை தட்சிணாமூர்த்தி பிறந்த ஊர் இது. திருவிழாச் சமாவில் ஒரு தவில்காரர் வைத்த சொல்லை மற்றவர் அப்படியே எடுத்து, அதன்மேல் தன் கணக்கை ஏற்றித் திருப்பிக் கொடுப்பார். முதலில் வைத்தவர் தோற்றுவிட்டாரா என்று சனம் கேட்பதில்லை.

இனி அந்த மூன்று வார ஆட்டத்துக்கு வருவோம். தொடக்கத்தில் கொடுக்கப்பட்ட மாதிரி வடிவங்கள் உண்மையிலிருந்து வெகு தூரம் விலகியிருந்தவை. கன்டென்டர்ஸ் குழுவின் முதலாமவர், அப்போது புதிதாக வந்திருந்த ஒப்பீட்டுக் கருவியைக் கையில் எடுத்தார். தெரிந்த உறவுப் புரதங்களின் வடிவத்தின் மீது இந்தச் சங்கிலியைப் படியவைத்துப் பார்க்க உதவுவது அது. அவர் கையில் இழைகள் உரிய இடத்துக்கு நெருங்கின. இரண்டாமவர் அந்த வடிவத்தை எடுத்து உள்ளே போனார். தண்ணீருக்கு அஞ்சிப் பதுங்கும் அமினோவமிலங்கள் நடுவில் நெருக்கியடித்துக் கிடக்கும். அவற்றின் பக்கக் கிளைகளை இடம் பார்த்துத் திருப்பி, இறுக்கமாக அடுக்கினார். மூன்றாமவர் மேற்பக்கம் துருத்திக்கொண்டிருந்த ஒரு வளைவை உடம்போடு சேர்த்து மடித்தார்.

அவ்வளவுதான். பளிங்கில் எக்ஸ்-கதிர் பாய்ச்சி எடுத்த தரவு போலந்து விஞ்ஞானிகளிடம் இருந்தது. உண்மைக்குக் கிட்டிய ஒரு மாதிரி இல்லாமல் அதைப் படிக்க வழியில்லை. மூன்றாமவர் விட்ட வடிவம் அந்தப் பூட்டைத் திறந்தது. சில நாட்களில் முழு அமைப்பும் வெளிவந்தது.

இந்த ஆட்டமுறைக்கு ஒரு பலவீனமும் உண்டு. எல்லோரும் முன்னணிப் புள்ளியைத் துரத்தினால், தவறான ஒரு வடிவம் முதல் நாளிலேயே முந்திவிட, குழு முழுவதும் அதையே மெருகேற்றிக்கொண்டு கிடக்கும். வளர்த்தெடுப்பு வலுவாக இருக்க வேண்டுமானால் தனியாட்டக்காரர் நாலு பேராவது நாலு திசையில் மடித்துக்கொண்டிருக்க வேண்டும். இதைச் சொல்லாமல் கூட்டு முயற்சி என்று மாலை போடுவது அரைகுறை அலசல்.

2020இல், புரத வடிவத்தை ஊகிக்கும் செயற்கை நுண்ணறிவு நிரலான ஆல்ஃபாஃபோல்டின் இரண்டாம் பதிப்பு வந்தது. வடிவத்தை ஊகிக்கும் போட்டியில் மனிதருக்கு இனி இடம் குறைவு, அதில் எனக்கு மயக்கம் இல்லை. ஃபோல்டிட் அதற்கு முன்பே வேறு மைதானத்துக்குப் போயிருந்தது. இயற்கையில் இல்லாத புரதங்களை ஆட்டக்காரர்களே வடிவமைக்கத் தொடங்கியிருந்தார்கள். 2019இல் வெளியான ஆய்வில் அவர்களின் 146 வடிவமைப்புகளை ஆய்வுகூடத்தில் செய்து பார்த்தபோது 56 உறுதியாக மடிந்து நின்றன. எழுத்திலிருந்து வடிவத்துக்கு என்று இருந்த புதிர், வடிவத்திலிருந்து எழுத்துக்கு என்று திரும்பிவிட்டது. இதுதான் கடினமான ஆட்டம் என்பேன்.

அந்த 2011 ஆட்டத்துக்கு ஆட்ட நாயகன் யார் என்று கேட்டால், பலர் மூன்றாமவரைத்தான் காட்டுவார்கள். பூட்டைத் திறந்தவர் அல்லவா! எங்கள் பள்ளிகளின் இல்ல மெய்வல்லுநர் போட்டியிலும் கடைசிக் கோட்டைத் தாண்டுகிறவரின் படம்தான் பத்திரிகையில் வரும். நான் இரண்டாமவருக்கே கொடுப்பேன். முதலாமவருக்குப் புதுக் கருவி கைகொடுத்தது. மூன்றாமவரிடம் வந்தபோது பெரிய வேலைகள் முடிந்திருந்தன, பிசகி நின்ற இடம் ஒன்றுதான். இரண்டாமவர் கையில் கிடைத்ததோ இன்னொருவரின் அரைகுறை வடிவம். சரியானதுதானா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதை நம்பி, வெளியே நின்று பார்ப்பவருக்குத் தெரியாத நடுப்பகுதியில் ஒவ்வொரு கிளையாகத் திருப்பினார். அந்த வேலைக்குத் தனியாட்டப் பட்டியலில் ஒரு புள்ளியும் கிடையாது.