கறுப்பு மையில் ஒரு பதின்பருவம்

இராமநாதபுரம் அரண்மனையின் இராமலிங்க விலாசத்தில், 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட முத்து விஜய ரகுநாத சேதுபதியின் காலத்தில் தீட்டப்பட்ட சுவரோவியங்கள், இராமாயணக் காட்சிகளோடு மன்னரின் சொந்த வாழ்வையும், தஞ்சை மராத்தியருடன் நடந்த போரும் ஐரோப்பியரை அவர் வரவேற்றதுமாகச் சொல்லிச் செல்கின்றன. ஒரு மனிதரின் வாழ்க்கையைப் படங்களால் வரிசைப்படுத்துவது சேது நாட்டுக்குப் புதிதன்று. ஆயினும் அச்சுவர்களில் வாழ்ந்தவர் ஒருவர், வரைந்தவர் வேறொருவர். வாழ்ந்தவரே வரைகோலையும் எடுத்துக்கொள்ளும்போது பிறப்பது வரைகதைத் தன்வரலாறு. அவ்வகையில் தமிழில் படிக்கக் கிடைப்பவற்றுள் முதலிடத்தில் வைக்கத்தக்கது, 1969இல் ஈரானில் பிறந்த மர்ஜானே சத்ரபி 2000 முதல் 2003 வரை பிரெஞ்சு மொழியில் நான்கு தொகுதிகளாக வெளியிட்ட 'பெர்சபொலிஸ்' ஆகும். எஸ். பாலச்சந்திரனின் மொழிபெயர்ப்பில் அதைக் கோவை விடியல் பதிப்பகம் வெளியிட்டுள்ளது.

1979இன் புரட்சியும் அதையடுத்த ஈராக் போரும் நிறைந்த முற்பாதியே பெரிதும் பேசப்படுகிறது. ஆனால் கலை நோக்கில் உயர்ந்தது, பதினான்கு வயதில், 1984இல், பெற்றோரால் தனியே வியன்னாவுக்கு அனுப்பப்பட்ட பெண்ணின் கதையைச் சொல்லும் பகுதியே. அங்கே குண்டு விழுவதில்லை. அச்சமூட்டும் காவலர் இல்லை. வரலாறு தன் பங்குக்கு எதையும் தூக்கிக் கொடுக்காத நிலையில், ஒரு பெண் வளர்வதை மட்டுமே வைத்துக்கொண்டு பக்கங்களை நிறுத்த வேண்டியிருக்கிறது.

சாம்பல் நிறச் சாயலோ ஒளிநிழலோ இல்லாத தூய கறுப்பு வெள்ளைதான் சத்ரபியின் மொழி; பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்களின் மரச்செதுக்குப் படங்களைக் கண்டு பழகிய கண்ணுக்கு அந்தக் கனத்த கறுப்பு அந்நியமாகத் தோன்றாது. தெஹ்ரானில் முக்காடாகப் பரவிய அதே கறுப்பு, வியன்னாவில் தனிமையின் இருளாக வேறு வேலையை ஏற்கிறது. கட்டம் என்பது ஒரு கணத்தை அடைக்கும் சட்டம். இரு கட்டங்களுக்கு நடுவே விடப்படும் வெற்றிடமோ வாசகர் காலத்தை இட்டு நிரப்பும் இடம். பதின்வயது உடல் மாறுவதைச் சொல்லும் பக்கத்தில், முகம் நீள்வதும் ஒரு கண் பெருப்பதும் மூக்கு வளர்வதும் கட்டத்துக்கு ஒன்றாக வர, அந்த வெற்றிடங்களே சிரிப்பை மூட்டுகின்றன. தன் உடலைத் தானே கேலி செய்யும் இத்துணிவு எழுத்தில் மட்டும் எழுதப்படும் தன்வரலாற்றுக்கு எளிதில் வாய்ப்பதன்று.

தன்னைப் பிரெஞ்சுக்காரி என்று சொல்லிக்கொண்ட பொய்யையும், தன்னைப் பற்றி ஏளனமாகப் பேசிய பெண்களிடம் தான் ஈரானியள் என்று கத்தியதையும், காதல் முறிந்தபின் இரவுகளில் தெருவில் அலைந்து நோயுற்றதையும் அவர் மறைக்காமல் வரைகிறார். வியன்னாவுக்குப் புறப்படுவதற்கு முந்திய இரவில் பேத்தியை அணைத்துப் படுக்கும் பாட்டியின் மார்பில் மல்லிகை மணக்கிறது. மல்லிகை நாற்றுக்குப் பேர்போன தங்கச்சிமடத்து வாசகருக்கு அந்தக் கட்டத்தை விளக்க வேண்டியதில்லை.

முற்பாதியின் இறுதிப் படம் விமான நிலையத்தில் வருகிறது: திரும்பிப் பார்க்கும் மகளின் கண்ணில், மயங்கிய தாயைத் தந்தை ஏந்திச் செல்லும் காட்சி படுகிறது. அது நிகழ்ந்த அதே ஆண்டுகளில், 1983 கலவரத்துக்குப் பின், தலைமன்னார்ப் பக்கமிருந்து படகேறிய ஈழத் தமிழ்க் குடும்பங்கள் இராமேசுவரம் கரையில் இறங்கி மண்டபம் முகாமுக்குச் சென்றுகொண்டிருந்தன. அவர்களின் துயரைப் பேசும் வரைகதைகள் இல்லாமலில்லை. வன்னிப் போரைச் சொல்லும் 'வன்னி' 2019இல் வெளிவந்தது. ஆனால் அது ஐ.நா. பணியாளராக அங்கிருந்த பெஞ்சமின் டிக்ஸ் எழுத, லிண்ட்சே பொல்லாக் வரைந்த நூல். அக்கறையும் உழைப்பும் மிக்கதாயினும், இராமலிங்க விலாசத்துச் சுவரைப் போலவே, வாழ்ந்தவர் வேறு, வரைந்தவர் வேறு.

அன்று பதினான்கு வயதில் அக்கடலைக் கடந்தவர்கள் இன்று ஐம்பதைத் தாண்டியிருப்பார்கள். தமிழ்ப் பதிப்பகங்கள் அவர்களிடம் வாக்குமூலம் கேட்பதை விடுத்து, வெள்ளைத் தாளும் கறுப்பு மையும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.