சுமாகோ: காலம் தானாக நிற்கவில்லை

ஆபீஸ் வேலையாக நகோயா போயிருந்தபோது ஒரு நாள் லீவு போட்டுவிட்டு சுமாகோவைப் பார்த்து வந்தேன். எடோவையும் (இன்றைய டோக்கியோ) கியோட்டோவையும் மலை வழியாக இணைத்த நகாசெண்டோ சாலையில் மொத்தம் 69 தங்கல் ஊர்கள். சுமாகோ அதில் 42-ஆவது. ஆங்கிலத்தில் 'போஸ்ட் டவுன்' என்பதால் தபால்தான் ஞாபகத்துக்கு வரும். சத்திரமும், ஆளும் குதிரையும் மாற்றிக்கொள்ளும் இடமும் சேர்ந்த ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வழிகாட்டியோடு ஒரு நடை போனேன். நன்றாகவே சொன்னார். எதிரி நேராக உள்ளே பாய்ந்துவிடாதபடி தெருவை வேண்டுமென்றே ஒடித்துத் திருப்பியிருக்கும் 'மசுகாதா'வை நடத்திக் காட்டியே புரியவைத்தார். அரசாணைகளை எழுதி மாட்டிய பலகையையும் காட்டினார். ஆனால் மூச்சுக்கு மூச்சு "இங்கே காலம் நின்றுவிட்டது" என்றார். எனக்கு இடித்தது அந்த வரிதான்.

நாங்கள் அதிக நேரம் நின்ற இரண்டு கட்டடங்களையே எடுத்துக்கொள்வோம். பிரபுக்கள் தங்கிய ஹோன்ஜின், எழுத்தாளர் ஷிமாசாகி தோசோனுடைய அம்மாவின் பிறந்த வீடு. இப்போது நிற்பது பழைய வரைபடத்தை வைத்து 1995-இல் திரும்பக் கட்டியது. அதற்கடுத்த அந்தஸ்துள்ள வாக்கி-ஹோன்ஜின் 1877-இல் கட்டியது, அதாவது எடோ காலம் முடிந்த பிறகு. முழுக்க ஹினோகி மரம். எடோ காலத்தில் கிசோ மலையில் அந்த மரத்தை சாதாரண ஜனங்கள் வெட்டவே கூடாது. தடை போன பிறகு எழுந்த வீடு அது. பழசு என்று நாம் வியப்பது, உண்மையில் அன்றைக்குக் கிடைத்த புது சுதந்திரம்!

சுமை தூக்கியவர்களைப் பற்றி நடையில் ஒரு வார்த்தை இல்லை. பெரிய ஊர்வலம் வந்தால் ஊரில் இருக்கும் ஆளும் குதிரையும் போதாது. சுற்றுக் கிராமங்கள் அனுப்பியே ஆகவேண்டும். 'சுகேகோ' என்ற அந்தக் கட்டாயம் விவசாயிகளின் முதுகை ஒடித்தது. 1861-இல் இளவரசி கசுனோமியா, ஷோகனை மணக்க இதே சாலையில்தான் போனார். அத்தனை பெரிய பரிவாரத்தின் மூட்டைகளை யார் சுமந்தது?

இதைவிடப் பெரிய விடுபடல் 1971. ரயில் பாதை ஊரைத் தொடாமல் போனதில் சுமாகோ நொடித்து, இளைஞர்களும் வெளியேறிக்கொண்டிருந்தார்கள். 1968-இல் வீடுகளைப் பழுதுபார்க்கும் வேலை தொடங்கியது. மூன்று வருஷம் கழித்து ஊர்க்காரர்களே கூடி ஒரு சாசனம் போட்டார்கள்: விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை. 1976-இல் தேசிய அளவில் முதன்முதலாகத் தேர்வான பாதுகாப்புப் பகுதிகளில் சுமாகோவும் ஒன்று. மின்கம்பிகள் கண்ணில் படாமல் மறைந்ததும், பகலில் கார் வராததும் இப்படித்தான்.

ஆகவே காலம் இங்கே தானாக நின்றுவிடவில்லை. நல்ல விலைக்கு வீட்டை விற்றுவிட்டுப் போகும் உரிமையை விட்டுக்கொடுத்து, ஆட்கள் அதைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள். "நின்றுவிட்டது" என்று சொன்னால் அவர்களுடைய உழைப்பு கணக்கிலேயே வராது. சாமுராய் கதையைக் குறைக்கச் சொல்லவில்லை. நடையை அந்த மூன்று 'இல்லை'களில் ஆரம்பியுங்கள் என்கிறேன், அவ்வளவுதான். அதற்கப்புறம் பார்க்கும் ஒவ்வொரு மரக்கதவுக்கும் மதிப்பு கூடும்.