வடுவை எங்கே தேடுவது?

ஈஸ்ட் ஹாமில் வாழும் எம்மிற் பலருக்குச் சம்பளமில்லாத ஓர் உத்தியோகம் உண்டு: ஆங்கிலம் தெரியாத மூத்தவர்களை வைத்தியரிடம் கூட்டிச் சென்று மொழிபெயர்ப்பது. எமது தெருவில் இருக்கும், வன்னியிலிருந்து வந்த அம்மா ஒருவரோடு நாமும் மூன்று முறை போய்வந்தோம். "நெஞ்சுக்குள்ளை எரியுது தம்பி. தலை விறைக்குது. பெருமூச்சுத்தான் வருது" என்பார். நாமும் நெஞ்சு, தலை, மூச்சு என்று அப்படியே சொன்னோம். இருதயத்தைச் சோதித்தார்கள், இரத்தத்தைச் சோதித்தார்கள், ஒன்றுமில்லை. மூன்றாம் முறை, மூளையில் செரோட்டோனின் என்ற இரசாயனம் குறைந்துவிட்டது என்று சொல்லிக் குளிசை எழுதித் தந்தார்கள்.

வெளியே வந்ததும் அம்மா கேட்டார்: "அப்ப எனக்கு விசர் இல்லைத்தானே?" இல்லை என்றோம். பல மாதங்களுக்குப் பின் அவர் முகம் தெளிந்தது. ஆனால், 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் காணாமற் போன மகனைப் பற்றி அந்த அறையில் எவரும் கேட்கவில்லை. நாமும் சொல்லவில்லை.

மனநோய்க்கு உடலிற் காரணம் தேடுவது எமக்குப் புதியதல்ல. பைத்தியம் என்ற சொல்லே பித்தத்திலிருந்து வந்ததுதான். பித்தம் இருந்த இடத்தில் இன்று செரோட்டோனின் வந்து அமர்ந்திருக்கிறது. இவ்விளக்கத்தில் ஓர் ஆறுதல் உண்டு. நோயாளியைக் குற்றவாளியாக்காமல் விடுகிறது. ஆனால் இதே உயிரியல், பரம்பரை என்ற பெயரில் வரும்போது எமது சமூகம் அதை எப்படிப் பயன்படுத்துகிறது என்பதையும் அறிவோம். "அந்தக் குடும்பத்திலை விசர் ஓடுது" என்ற ஒரு வார்த்தையால் முறிந்த சம்பந்தங்கள் எத்தனை!

புரோசாக் போன்ற குளிசைகள் 1980களின் இறுதியிற் சந்தைக்கு வந்தபோது செரோட்டோனின் விளக்கமும் அவற்றோடு பரவியது. 2022இல் இலண்டன் யூனிவர்சிற்றி கொலிஜைச் சேர்ந்த ஜோஅனா மொன்கிறீஃபும் சகாக்களும் அதுவரையான ஆய்வுகளைத் தொகுத்து மீளாய்வு செய்து, மனச்சோர்வுக்குச் செரோட்டோனின் குறைவே காரணம் என்பதற்கு உறுதியான சான்றில்லை என்றனர். அந்த எளிய விளக்கத்தைத் தாம் எப்போதோ கைவிட்டுவிட்டதாகவும், குளிசை பயன்தருகிறதா என்பது வேறு கேள்வி என்றும் உளமருத்துவர் பலர் பதிலளித்தனர். பின்னது நியாயமே. பிளேன்ரீ குடித்தால் களைப்புத் தெளிகிறது. அதற்காக, உடம்பிலே தேயிலை குறைந்ததால்தான் களைப்பு வந்தது என்று எவரும் சொல்வதில்லை. எனவே குளிசையை எறியுங்கள் என்று நாம் எழுதவில்லை. வைத்தியரைக் கேளாமல் திடீரென நிறுத்துவது ஆபத்தானது. எமது விமர்சனம் குளிசையோடு சேர்த்துத் தரப்படும் கதையைப் பற்றியது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உளமருத்துவப் பேராசிரியராகப் போருக்குள்ளேயே பணியாற்றிய தயா சோமசுந்தரத்தின் நூல்கள் இவ்விடத்தில் முக்கியமானவை. 1998இல் வந்த ஆங்கில நூலுக்கு அவர் இட்ட தலைப்பு 'வடுப்பட்ட மனங்கள்' என்று பொருள்படும். 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம், வியட்நாம் போரிலிருந்து திரும்பிய படையினரின் துயரையும் கருத்திற் கொண்டு வகுத்த நோய்ப்பெயர், எமது மக்களின் துயரைப் பதிவுசெய்ய ஒரு கருவியாயிற்று. அப்பெயர் போரைத் தனியாளின் தலைக்குள் அடைத்துவிடுகிறது என்று, இலண்டனில் சித்திரவதைக்குள்ளான அகதிகளோடு பணியாற்றிய டெரெக் சமர்ஃபீல்ட் 1999இல் எழுதினார். சோமசுந்தரமும் ஓரிடத்தில் நின்றுவிடவில்லை. 2007இல் வடபகுதியின் கூட்டு மனவடு பற்றி எழுதியபோது அவநம்பிக்கை, மௌனம், தங்கிவாழ்தல் ஆகியவற்றையும் நோய்க்குறிகளாகக் கண்டார். 2014இல் வந்த நூலின் தலைப்பில் மனங்கள் போய்ச் சமூகங்கள் வந்தன. அந்தப் பதினாறு ஆண்டுப் பயணத்தை எம்மவர் போதிய அளவு வாசிக்கவில்லை.

இதே நாட்டில் எமது உடல் வேறோர் இடத்திலும் வாசிக்கப்படுகிறது. சித்திரவதையில் சூடு வைக்கப்பட்டதாகச் சொன்ன தமிழர் ஒருவரின் வழக்கில், அவர் தாமே பிறரைக் கொண்டு அவ்வடுக்களைப் போட்டிருக்கலாம் என்ற சந்தேகம் எழுப்பப்பட்டு அகதிக் கோரிக்கை மறுக்கப்பட்டது. அவர் பெயர் கே.வி. என்ற எழுத்துக்களில் மறைக்கப்பட்டிருந்தது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அம்மறுப்பை ஏற்கவில்லை. வழக்கை மீள விசாரிக்கும்படி அனுப்பியது. அப்படித் தமக்குத் தாமே வடுச் செய்விப்போர் மிக மிக அரிதாகவே இருப்பர் என்றது. வடு எவ்வாறு ஏற்பட்டது என்று நோயாளி சொல்லும் வரலாற்றோடு அது பொருந்துகிறதா என்பது பற்றியும் வைத்தியர் கருத்துரைக்கலாம் என்றது.

தோலில் வடுவைக் கண்டால், எங்கே, யாரால் என்று கேட்கிறோம். மூளையில் ஒரு மாற்றம் என்றவுடன் கேள்வி நின்றுவிடுகிறது. மனம் உடலுக்கு வெளியே மிதப்பதன்று. மகனை இழந்த துயர் நித்திரையையும் நெஞ்சையும் மூளையையும் தொடத்தான் செய்யும். அது எவ்வழியே தொட்டது என்பதை உயிரியல் சொல்லட்டும். தொட்டது எது என்பதையும் சேர்த்துக் கேட்கவேண்டும். கேட்காமல் விடுவது வைத்தியருக்கு நேரமின்மையால். எமக்கோ அச்சத்தாலும் வெட்கத்தாலும்.

அடுத்த முறை, அம்மாவின் சம்மதத்தைக் கேட்டுக்கொண்டு, நெஞ்சு எரிவதற்கு முன்னதாக மகனைப் பற்றிச் சொன்னோம். வைத்தியர் கணினியிலிருந்து கையை எடுத்துவிட்டு, அப்போது அவனுக்கு எத்தனை வயது என்று கேட்டார். அம்மாவுக்கு அந்தளவு ஆங்கிலம் விளங்கியது. நாம் மொழிபெயர்க்க முன்னரே பதில் சொன்னார்.