பார்த்து வரைதல் பழியன்று

பிள்ளை வரைந்த படத்தைக் கையில் வாங்கியதும், “பார்த்துத்தானே வரைந்தாய்?” என்று கேட்பது நம் இல்லங்களில் வழக்கம். அக்கேள்வியில் ஓர் ஏளனம் ஒளிந்திருக்கிறது. அது நியாயந்தானா என்பதை ஆராய, ஒரு சிறுவர் பார்த்து வரைந்த படத்தையே சான்றாகக் கொள்வோம்.

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு நகரிலுள்ள ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில், உள்ளங்கையில் அடங்கும் கோட்டோவியம் ஒன்று பாதுகாக்கப்பட்டு வருகிறது. ஹிஜ்ரி 1009இல், அதாவது கி.பி. 1600இல், அதனை வரைந்தவர் அபுல் ஹசன். அப்போது அவருக்கு வயது 13 என்று படத்திலுள்ள எழுத்தே பகர்கிறது. அவருடைய தந்தை ஆகா ரிஸா, ஹிராத்திலிருந்து வந்து இளவரசர் சலீமிடம் பணிபுரிந்த ஓவியர்.

மூலப்படம், ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1511இல் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட சிலுவைக் காட்சி. இத்தகைய ஐரோப்பிய அச்சுப்படங்களை, 1580 முதல் முகலாய அவைக்கு வந்த ஏசு சபைப் பாதிரிமார் கொண்டுவந்தனர். அக்காட்சியிலுள்ள மற்றவர்களை விடுத்து, ஈஸா நபி (அலை) அவர்களின் சீடராகக் கிறிஸ்தவர்கள் போற்றும் யோவானை மட்டுமே சிறுவர் எடுத்துக்கொண்டார். கைகளைக் கோத்து நிற்கும் ஓருருவம். அதன்மேல் மடிப்பு மடிப்பாக விழும் அங்கி. அவ்வளவே.

ஓவியம் பயில்வோர் ஊன்றி நோக்க வேண்டிய இடம் அந்த அங்கிதான். டியூரரின் கருவி எஃகு உளி. சிறுவரின் கருவியோ மயிர்த் தூரிகை. உளி கீறிய கோட்டைத் தூரிகை அப்படியே திருப்பிச் சொல்லாது. கோடு ஏன் அங்கே வளைகிறது, துணிக்குள் முழங்கை எங்கே மடங்குகிறது, ஒளி எத்திசையிலிருந்து விழுகிறது என்பவற்றை உணர்ந்தால்தான் கை நகரும். பாரசீக மரபு அவருக்குத் தெளிந்த எல்லைக்கோட்டைத் தந்திருந்தது. நிழலால் திரட்சி காட்டும் வித்தையை இந்த அச்சுப்படம் கற்பித்தது. துணிக்குக் கனம் வந்தது. துணிக்குள்ளே ஓர் உடலும் வந்தது.

குறையில்லாமலில்லை. மூலத்தில் யோவானின் துயருக்குக் காரணம் அவர் கண்முன் இருந்தது. இங்கே அவர் தனித்து நிற்பதால் துயரம் பற்றுக்கோடின்றி நிற்கிறது. எனவே இதனை நிறைவான படைப்பு என்னாமல், நேர்மையான பயிற்சி என்றே மதிப்பிடுகிறேன்.

பயிற்சி வீண்போகவில்லை. லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில், அவருடையதெனக் கருதப்படும் சினார் மரத்து அணில்களின் ஓவியம் உள்ளது. அடிமரத்தின் திரட்சியையும் அணில்களின் மென்மயிரையும் பாருங்கள். அங்கியின் மடிப்பில் பழகிய கண் அங்கே வேலை செய்கிறது. சலீம் ஜஹாங்கீராக அரியணை ஏறியபின், 1618இல் அவருக்கு ‘நாதிருஸ் ஸமான்’, காலத்தின் அற்புதம், என்னும் பட்டத்தை வழங்கினார். தந்தையின் ஓவியமும் மகனுக்கு ஈடாகாதென்று தம் நினைவுக் குறிப்பில் எழுதியும் வைத்தார்.

ஆகவே பிள்ளையை அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லும்போது ஒரு பென்சிலும் சிறு ஏடும் கொடுத்தனுப்புங்கள். நூறு படங்களைக் கடந்து நடப்பதினும், ஒரு படத்தின் முன் நின்று ஒரே ஒரு கைச்சட்டையின் மடிப்பை வரைந்து திரும்புவது மேல். வீடு வந்தபின், “பார்த்துத்தானே வரைந்தாய்?” என்று கேட்க வேண்டாம். “எதைப் பார்த்தாய்?” என்று கேளுங்கள்.