குருத்து உரிக்கும் கை

பேரீச்சைத் திசு வளர்ப்பில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த உரித்தல்தான். அமீரகத்தின் அல் ஐன் ஆய்வகத்தில், தாய்மரத்தின் அடியிலிருந்து பெயர்த்த பக்கக்கன்றின் முரட்டு மட்டைகளை ஒவ்வொன்றாகக் களைகிறார்கள். நார் நரநரக்கிறது. போகப்போக மட்டை மெலிந்து வெளுத்து, கடைசியில் தந்த நிறக் குருத்து மட்டும் மிஞ்சுகிறது. காற்று வடிகட்டியின் சீரான இரைச்சலுக்கு நடுவே, சுடரில் காட்டி ஆறவைத்த இடுக்கியால் அதைப் பிடித்துத் துண்டுபோட்டு, கரித்தூள் கலந்த கருப்பு அகார் கூழில் வைக்கிறார்கள். வெட்டுப்பட்ட திசு கசியவிடும் பழுப்புச் சாற்றை அந்தக் கரி உறிஞ்சிக்கொள்ளும்.

பிறகு மாதக்கணக்கில் இருட்டு. அவசரப்படுத்த வழியே இல்லை. கருத்துப்போனதைக் கழித்து, நல்லதைப் புதுக் கூழுக்கு மாற்றிக் காத்திருக்க வேண்டும். பொருபொருத்த திசுத் திரளில் ரவை போல வெள்ளைக் கருக்கள் திரள்வதைக் கண்டுகொள்ள எவ்வளவு பழகிய கண் வேண்டும்! எதை இன்னும் விட்டுவைப்பது, எதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோவது என்பதை நிறத்தை வைத்தே சொல்லிவிடுகிறார்கள்.