முதியோர் இல்லம் இல்லாத ஊர் என்ற பெருமை

ஒக்டோபர் முதலாம் திகதி வந்தால் சிறுவர், முதியோர் தின மேடைகளில் ஒரு பேச்சு தவறாமல் கேட்கும்: எங்கள் ஊர்களுக்கு முதியோர் இல்லம் தேவைப்பட்டதே இல்லை. மருதமுனை தொடங்கி கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று வரை கரையோரம் நெடுகிலும் இதே பெருமைதான். மேற்கில் பெற்றாரைக் கொண்டுபோய் இல்லங்களில் தள்ளுகிறார்கள், நாங்கள் மடியில் வைத்துப் பார்க்கிறோம் என்பார்கள். சபை தலையாட்டும். டிமென்ஷியா என்ற மறதிநோய் பற்றி யாராவது பேச்செடுத்தாலும் இதே பதில்தான் கிடைக்கிறது. வீட்டில் பிள்ளை இருக்கிறது, வேறென்ன வேண்டும்?

இந்தப் பெருமையில் உண்மை இருக்கிறது, அதை மறுக்க வரவில்லை. கிழக்கிலங்கை முஸ்லிம்களின் தாய்வழிக் குடி முறையும், மகளுக்கு வீடு கொடுத்து மருமகனை அந்த வீட்டுக்கு எடுக்கும் வழக்கமும் முதுமைக்குப் பெரிய பாதுகாப்பு. அக்கரைப்பற்றை 1969 முதல் ஆராய்ந்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இந்த ஏற்பாட்டை விரிவாக எழுதியிருக்கிறார். வயதான தாய் மருமகளின் வீட்டில் ஒதுங்கி வாழ வேண்டியதில்லை. பெற்ற மகளோடு, அதே வளவில், கிணறும் குசினியும் எந்தப் பக்கம் என்று கால்களே அறிந்த இடத்தில் இருக்கிறாள். நினைவு கரையத் தொடங்கியவருக்குப் பழகிய இடம் எவ்வளவு பெரிய துணை என்பதை எந்த வைத்தியரும் சொல்வார். சீதன வீட்டைப் பற்றி நமக்கு ஆயிரம் குறைகள் இருக்கலாம். இந்த ஒரு விடயத்தில் அது கைகொடுத்திருக்கிறது.

என் மறுப்பு வேறு இடத்தில். வீட்டில் வைத்திருப்பதையே பராமரிப்பு என்று எண்ணிக்கொண்டோம். வீட்டில் இருக்கிறவர் ஊரில் இருக்கிறாரா என்று யாரும் கேட்பதில்லை.

இது எப்படி நடக்கிறது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். முதலில் கறிக்கு உப்பு இரண்டு தரம் விழும். பிறகு கேட்டதையே கேட்பது. வயது போனால் அப்படித்தான், அறளை பெயர்ந்துட்டு என்று அதைக் கடந்துவிடுவார்கள். ஒருநாள் மஃரிப் நேரம் உம்மா ஒழுங்கையைத் தாண்டிப் பிரதான வீதிக்குப் போய்விடுவார். யாரோ ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து விடுவார்கள். அன்றிரவே கேற்றில் பூட்டு விழும். பொத்துவிலையும் மட்டக்களப்பையும் இணைக்கும் வீதியில் பஸ்கள் ஓடும் வேகம் தெரிந்த எவரும் அந்தப் பூட்டைக் குறை சொல்ல மாட்டார்கள். குறை, பூட்டுக்குப் பின்னால் வருவது. அடுத்த கல்யாணத்துக்கு உம்மாவைக் கூட்டிப்போவதில்லை. ஆட்களுக்கு முன்னால் என்னத்தையாவது சொல்லிப்போடுவாராம். விருந்தாளி வந்தால் பின்னறைக்கு அனுப்புகிறார்கள். பெருநாளைக்கு சலாம் சொல்ல வருகிறவர்களும் வாசலில் நின்று மகளிடமே சுகம் விசாரிக்கிறார்கள். உம்மா பக்கத்திலேயே கதிரையில் இருப்பார். அவரைப் பற்றித்தான் பேச்சு, அவரோடு பேச்சில்லை.

ஆண்களின் விலக்கம் பள்ளிவாசலில் நடக்கிறது. நாற்பது வருடம் ஒரே ஸப்பில் நின்றவர் தொழுகையின் நடுவில் உரத்துப் பேசிவிடுகிறார், அல்லது ருகூஉவில் எல்லோரும் குனிய அவர் நின்றுகொண்டே இருக்கிறார். யாரோ ஒருவர் மகனை ஓரமாக அழைத்து, மிகப் பக்குவமாகத்தான் சொல்கிறார். அடுத்த வெள்ளி முதல் வாப்பா வீட்டில். புத்தி நீங்கியவர் மீது தொழுகை கடமையில்லை என்று மார்க்கச் சட்டத்தையும் காட்டுகிறார்கள். அது அவர் சுமையை இறக்கிவைத்த சலுகை. அதைக் காட்டி அவருடைய இடத்தையும் பறிக்க நமக்கு யார் அனுமதி தந்தது?

மறதிநோய் உள்ளவரை ஓர் ஆளாகப் பார்ப்பது பற்றி இங்கிலாந்தின் உளவியலாளர் டொம் கிற்வுட் 1997-இல் எழுதிய நூல் இந்தத் துறையையே திருப்பிப் போட்டது. ஒருவர் ஆளாக இருப்பது அவர் மூளைக்குள் மட்டும் நடக்கிற காரியமில்லை, சுற்றியிருப்பவர்கள் அவரை எப்படி நடத்துகிறார்கள் என்பதில் அது தங்கியிருக்கிறது என்றார். குழந்தைபோல் நடத்துவது, முன்னிலையிலேயே இல்லாதவர்போல் பேசுவது எல்லாம் நோயாளியைச் சிதைக்கும் என்று பட்டியலிட்டார். அவர் கண்டது ஆங்கிலேயப் பராமரிப்பு நிலையங்களை. நம் வீட்டு மண்டபங்களிலும் அதே பட்டியல் அப்படியே பொருந்துகிறது என்பதுதான் மேடைக்காரர்கள் காண மறுக்கும் உண்மை.

ஒன்றைக் கிட்ட நின்று பார்த்திருக்கிறேன். மருதமுனைப் பக்கம் சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீடொன்று. எழுபது கடந்த ஒரு உம்மா. அஸர் சாய்ந்ததும் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு கேற்றைப் பிடித்து உலுக்குவார். “ஊட்ட போகணும் மகள்.” மகள் சொல்வார்: “இதுதானே உம்மா நம்மட ஊடு.” “இது நம்மட ஊடில்ல. கடலடியில கிடக்கு.” அவர் சொன்னது சரி. 2004 டிசம்பர் 26 காலை வரை அவர் வீடு கடலடியில்தான் கிடந்தது. இந்த நோய் புதிய நினைவுகளை முதலில் தின்னும், பழையவற்றைக் கடைசிவரை விட்டுவைக்கும். அதனால் சுனாமியும் அதற்குப் பிந்திய வருடங்களும் அவரிடமிருந்து போய்விட்டன. அலைக்கு முந்திய ஒழுங்கையில் அவர் வாழ்கிறார். அன்று கடல் கொண்டுபோன மகனை இன்னும் சாப்பாட்டுக்குத் தேடுகிறார். மௌத்தாகிவிட்டான் என்று திருத்தும்போதெல்லாம் அந்தச் செய்தி அவருக்கு முதல்தரம் வருகிறது. முதல்தரம் அழுத மாதிரியே அழுகிறார்.

அம்பாறைக் கரையில் பல்லாயிரம் பேரைக் கடல் கொண்டது. நாட்டிலேயே அதிக உயிரிழப்பு இந்த மாவட்டத்தில்தான். கிழக்கில் கடலோரத்திலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று அறிவித்தார்கள், பின்னர் அதைக் குறைத்தார்கள். ஒழுங்கைகள் கலைந்தன. ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளியவர்கள் வெவ்வேறு வீட்டுத்திட்டங்களுக்குப் போனார்கள். அந்த உம்மாவின் கடலடி வீட்டைப் பற்றி, முற்றத்து முருங்கையைப் பற்றி அவரோடு அரை மணித்தியாலம் பேசக்கூடியவர்கள் அந்தப் பழைய அயலவர்கள் மட்டும்தான். அவர்கள் உயிரோடு, சில கிலோமீற்றருக்குள்தான் இருக்கிறார்கள். வருவதில்லை. அவவுக்கு இப்ப ஆளையே தெரியாதாமே என்கிறார்கள். ஆளைத் தெரியாது, குரலும் கதையும் தெரியும். அவர்களில் ஒருத்தி தற்செயலாக வந்த ஒரு பின்னேரம் அந்த உம்மா கேற்றுக்கே போகவில்லை. இருவரும் யாரோ ஒருவரின் பழைய கல்யாணத்தைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எந்த மருந்தும் தராத அமைதி அது.

அதே பூட்டுக்குள் இன்னொருவரும் இருக்கிறார். வீட்டை எழுதி வாங்கிய மகள். “ஊடு உனக்குத்தானே தந்த” என்ற ஒரு சொல்லோடு பொறுப்பு முழுவதும் அவர் தலையில் இறங்கிவிடுகிறது. ஆண்பிள்ளைகள் மாமி வீட்டில் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து, கால் மணித்தியாலம் இருந்து, உம்மா மெலிந்துவிட்டார் என்று குறை சொல்லிப் போகிறார்கள். வளைகுடாவிலிருக்கும் சகோதரி பணம் அனுப்புகிறார். இரவில் மூன்று தரம் எழும்பிப் படுக்கை மாற்றுவதற்குப் பணத்தால் முடியாது. அந்த மகள் தன் நீரிழிவுக்குக் கிளினிக் போவதை நிறுத்தி எவ்வளவு காலம் என்று கேட்டுப் பாருங்கள். அவர் பொறுமை இழந்து ஒருநாள் கத்திவிட்டால் அயல் முழுக்கக் கதை பரவும். அவர் கத்தாமலிருந்த இரவுகளுக்குச் சாட்சி இல்லை.

குத்பாக்களில் திருக்குர்ஆனின் பதினேழாம் அத்தியாயம் அடிக்கடி வருகிறது. முதுமையடைந்த பெற்றாரிடம் ‘சீ’ என்றுகூடச் சொல்லக்கூடாது என்ற கட்டளை அது. அத்தோடு நிறுத்திவிடுகிறோம். சற்றே கீழே வாசித்தால் உறவினருக்கும் வறியவருக்கும் வழிப்போக்கருக்கும் உரியதைக் கொடு என்று வருகிறது. பெற்றாரில் தொடங்கிய கடமை அங்கே ஊருக்கு விரிகிறது. நமது பிரசங்கம் அதை ஒரு மகளின் கழுத்தில் கட்டிவிட்டு இறங்கிவிடுகிறது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டத்திலும் பிள்ளைகளின் கடமை என்ற பகுதியைத்தான் எடுத்துப் பேசுகிறோம்.

ஊரால் முடியாது என்று சொல்லாதீர்கள். ஒரு மௌத்து விழுந்தால் இந்த ஊர்கள் என்ன செய்கின்றன? ஒலிபெருக்கியில் அறிவித்துச் சில மணித்தியாலங்களில் கபன், சந்தூக், கபுறு, ஆட்கள், வீட்டுக்குச் சாப்பாடு எல்லாம் வந்துவிடும். ஜனாஸா சங்கங்கள் அவ்வளவு ஒழுங்கு. கர்ப்பிணித் தாயைத் தேடிக் குடும்பநல மாது பதிவேட்டோடு ஒழுங்கை ஒழுங்கையாக வருகிறார். 1926-இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதார அலகின் தொடர்ச்சி அது. பிறப்புக்கும் இறப்புக்கும் ஊர் வருகிறது. இடையில் ஐந்தோ பத்தோ வருடம் மறதியில் கழிப்பவரிடம் யாரும் வருவதில்லை.

கேரளத்தின் மலப்புறத்தைப் பாருங்கள். முஸ்லிம்கள் பெரும்பான்மை, வீட்டுக்கு வீடு வளைகுடா, நம்மைப் போன்ற ஊர்கள். 2001 அளவில் அங்கும் கோழிக்கோட்டிலும் அயலவர்களே தொண்டர்களாகப் பயிற்சி பெற்று, தீராத நோயுள்ளவர்களின் வீடுகளுக்கு முறைவைத்துப் போகத் தொடங்கினார்கள். கடைகளில் சிறு உண்டியல்கள் வைத்துக் காசு சேர்த்தார்கள். வீட்டுப் பராமரிப்பை அவர்கள் கைவிடவில்லை, வீட்டுக்காரரைத் தனியே விடவுமில்லை. நம் நாட்டில், கொழும்பில் லங்கா அல்சைமர் மன்றம் 2001 முதல் இயங்குகிறது. ஆனால் கல்முனையிலிருந்து ஒரு மகள் வாப்பாவை அங்கே வாரம் ஒருதரம் கூட்டிப்போக முடியாது.

மறைத்து வைப்பதற்கு மருத்துவ விலையும் உண்டு. தைரொயிட் குறைபாடு, பீ12 விற்றமின் குறைவு, சிறுநீர்த் தொற்று, மனச்சோர்வு எல்லாம் முதியவரை அறளை பெயர்ந்தவர்போலக் காட்டும், சிகிச்சையில் தேறக்கூடியவை. யாருக்கும் காட்டாமல், தண்ணீர் ஓதிக் கொடுத்துக்கொண்டு வைத்திருக்கும் வீட்டில் இவை பிடிபடாமலே போகின்றன. தனிமையும் கேள்விக் குறைவும் மறதிநோய்க்கு வழிவிடும் காரணிகள் என்று லான்செற் மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024-இல் மீண்டும் உறுதிப்படுத்தியிருக்கிறது.

பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைகளிடம் கேட்கிறேன். உங்கள் மஹல்லாவில் மறதியோடு வாழ்கிறவர்களின் பெயர்ப்பட்டியல் ஒன்றை எடுங்கள். ஸப்பின் ஓரத்தில் ஒரு கதிரையும், பக்கத்தில் நிற்க ஓர் இளைஞனும் போதும், வாப்பா திரும்ப வரலாம். பெண்கள் ஒன்றுகூடும் மஜ்லிஸ்களில் அந்த உம்மாமாருக்கும் இடம் வையுங்கள். வாசிக்கிற உங்கள் ஒழுங்கையில் அப்படி ஒருவர் இருந்தால், இந்த வாரம் அஸருக்குப் பிறகு போய் அவரோடு ஒரு மணித்தியாலம் இருங்கள். அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பேசுங்கள். அந்த நேரத்தில் மகளை வெளியே போய் வரச் சொல்லுங்கள்.